அருவியும் திருவருளும்



பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் ரிச்சர்ட்சனில் வாழும் நம் குடும்பங்களில் எழும் முதற் கேள்வி, "இந்த முறை எங்கே போவது?" என்பதுதான். ரெக்சஸ் வெயில் நூறு பாகையைத் தாண்டும் நாள்களில் பிள்ளைகளின் மனம் தண்ணீரையே நாடும். சிலர் விடியற்காலையில் சோறு கட்டிக்கொண்டு வடக்கே ஒக்லகோமாவுக்குக் காரோட்டிப் போய், ஆர்பக்கிள் குன்றுகளில் 77 அடி உயரத்திலிருந்து விழும் ரேணர் அருவியின் மடுவில் ஆடிவிட்டு இரவே வீடு திரும்புவர். இன்னும் பலர் விமானமேறி நயாகராவுக்குப் போவர். நம் உறவினர் பலர் ரொறன்ரோவில் இருப்பதால் ஒரு கலியாண வீடு, ஒரு கோயில் திருவிழா, நயாகரா ஆகிய மூன்றும் ஒரே பயணத்தில் அடங்கிவிடும்.

போய் வந்தவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் கைபேசியை எடுத்து நீட்டுவர். இருநூறு படங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் பின்னால் அருவி, முன்னால் நாம்.

"அருவி பார்ப்பது உல்லாசப் பயணம். அதிலே சமயத்துக்கு என்ன வேலை?" என்று கேட்க இடமுண்டு. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்ற மூன்றையும் ஒன்றாக வைத்துப் போற்றுவது நம் சைவ மரபு. இறைவனின் திருவுருவத்துக்கும் அவன் கோயில் கொண்ட ஊருக்கும் உள்ள சிறப்பு, அங்குள்ள நீருக்கும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூர்த்தியைத் தரிசிக்கிறோம், தலத்தை வலம் வருகிறோம். தீர்த்தத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று நம் பாட்டிமார் எவரும் சொன்னதில்லை. தீர்த்தம் ஆடிவிட்டு வந்தேன் என்றுதான் சொல்வார்கள். பார்ப்பது, ஆடுவது என்ற இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரமே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

அளந்து விழும் அருவி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்தவர்களுக்கு அருவி என்பது பாடப்புத்தகச் சொல். மழைக்காலத்தில் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் அங்கே ஆறு என்று சொல்லவும் ஒன்றில்லை. பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் தங்கும். அதைத் துலா மிதித்துக் கிணற்றிலிருந்து எடுத்தே தோட்டம் செய்தார்கள். வாளித் தண்ணீரைக் கணக்குப் பார்த்து ஊற்றிக் குளித்து வளர்ந்தவர்கள் நயாகராவின் முன் நின்றால் வாயடைத்துப் போவது இயல்பே.

உயரத்தை மட்டும் பார்த்தால் நயாகரா பெரிதல்ல. குதிரை லாட வடிவில் வளைந்து விழும் பெரிய அருவியின் உயரம் ஏறத்தாழ 57 மீற்றர். இலங்கையின் பம்பரகந்த அருவி 263 மீற்றர் உயரமானது. நயாகராவின் பெருமை அதன் நீர்ப்பெருக்கில் இருக்கிறது. சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரன், ஈரி என்ற நான்கு பேரேரிகளின் நீரும் இந்த ஒரு வாசலால் இறங்கித்தான் ஒன்ராறியோ ஏரிக்கும், அங்கிருந்து சென் லோறன்ஸ் ஆற்றின் வழியே அத்திலாந்திக் சமுத்திரத்துக்கும் போகிறது.

கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்குக் கணக்கைப் பாராமல் இருக்க முடியாது. அமெரிக்காவும் கனடாவும் 1950இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சுற்றுலாக் காலத்துப் பகல் வேளையில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி நீராவது அருவியில் விழ வேண்டும். அதாவது ஏறத்தாழ 28 லட்சம் லீற்றர். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி விழுந்தால் போதும். எஞ்சிய நீர் சுரங்க வழிகளால் திருப்பப்பட்டு மின்சாரம் எடுக்கப் பயன்படுகிறது. நாம் கமராவில் பிடிக்கும் அந்தப் பெருவெள்ளமே நமக்காக அளந்து விடப்படும் வெள்ளம்தான். இந்த அளவு என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னர் வருவோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கரையில் அருவியோரக் காணிகள் எல்லாம் தனியார் கையில் இருந்தன. அவர்கள் வேலியடைத்து, வேலியிலே துளைவிட்டு, அந்தத் துளையால் அருவியைப் பார்ப்பதற்கே காசு வாங்கினார்கள். இறைவன் படைத்த நீரைப் பார்க்கக் காசா என்று மனம் நொந்த நல்லவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். நியூயோர்க் மாநில அரசு அந்தக் காணிகளை வாங்கி, வேலிகளை அகற்றி, 1885இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. இன்றும் அந்தக் கரையில் நின்று அருவியைப் பார்க்கக் கட்டணமில்லை.

மழைச்சட்டை

வெளியே இருந்த வேலி போய்விட்டது. ஆனால் நாமே நம்மைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் வேலி ஒன்று இருக்கிறது.

1846ஆம் ஆண்டு தொடங்கி அருவியின் அடிக்குப் படகு விடுகிறார்கள். ஏறுமுன் எல்லோருக்கும் மெல்லிய மழைச்சட்டை ஒன்று தருவார்கள். தலை முதல் முழங்கால் வரை மூடிக்கொண்டு, அருவிக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போய், அந்தத் திவலையிலே நின்று, பெரும்பாலும் நனையாமலே திரும்பி வரலாம். அதற்காகவே அந்தச் சட்டை. சுற்றுலாப் பயணிக்கு அது வசதியானது, குறை சொல்வதற்கில்லை.

ஆனால் நம் கோயிலுக்கு வரும்போதும் அப்படி ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்கிறோம். பாலும் இளநீரும் சந்தனமும் பெருமானின் திருமேனியில் வழிகின்றன. மனமோ அலுவலகத்தில் நாளைக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையில் இருக்கிறது, அல்லது வாசலில் விட்ட காரில் இருக்கிறது. தீபாராதனை காட்டும்போது கை கூப்புவதற்குப் பதிலாகக் கைபேசியைத் தூக்குகிறது. அருவிக்கு மிகக் கிட்ட நின்றோம், ஆனால் ஒரு துளியும் உள்ளே இறங்கவில்லை.

செம்பும் களிம்பும் போல உயிரோடு ஆணவமலம் ஒட்டியிருக்கிறது என்று நம் சித்தாந்தம் சொல்லும். அது கண்ணுக்குத் தெரியாத மழைச்சட்டை. திருவருள் பொழியவில்லை என்று நாம் முறையிடும்போதெல்லாம் அருள் பொழிந்துகொண்டுதான் இருக்கிறது. சட்டை மேலே கிடப்பதால் உள்ளே ஈரம் தெரிவதில்லை.

பொங்குமாகடலும் சடாமுடியும்

இனிக் குற்றாலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் தென்காசியை அடுத்த அந்தத் தலம் திருஞானசம்பந்தர் பாடிய பெருமை உடையது. அகத்தியர் வரலாற்றோடு தொடர்புடையது. குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் அமைந்தது. நடராசப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்றாகிய சித்திரசபை அங்கேதான் உள்ளது. கோயிலும் அருவியும் அருகருகே இருப்பதால் நீராடி ஈரம் காயுமுன் சந்நிதிக்குப் போய்விடலாம். ஆனி ஆடி மாதங்களில் சாரல் தொடங்கியதும் ஊர் ஊராகச் சனம் வந்து சேரும். அங்கே மழைச்சட்டை போட்டவர் ஒருவரும் இல்லை. நனைவதற்கென்றே வருகிறார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, அருவிக்கு அடியில் போய் நிற்கிறார்கள்.

அவ்வளவு உயரத்திலிருந்து விழும் பேரருவியின் கீழ் மனிதர் எப்படி நிற்க முடிகிறது? பாறை நடுவே பொங்குமாகடல் என்று ஓர் ஆழ்ந்த பள்ளம் இருக்கிறது. மேலிருந்து வரும் வெள்ளம் நேரே நம் தலையில் விழுவதில்லை. முதலில் அந்தப் பள்ளத்தில் விழுந்து, தன் வேகத்தை அங்கே விட்டுவிட்டு, பொங்கி வழிந்து, பிறகே நாம் நிற்கும் இடத்துக்கு வருகிறது. அந்தப் பள்ளம் வெள்ளத்தின் அடியைத் தான் வாங்கிக்கொண்டு, நமக்கு நீராட்டை மட்டும் தருகிறது. அதையும் மீறி வெள்ளம் பெருகும் நாள்களில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தாங்கும் அளவுக்குத்தான் தீர்த்தம்.

இதைக் காணும்போது நினைவுக்கு வருவது கங்காதர மூர்த்தியின் வரலாறு. சகரனின் புதல்வர் அறுபதினாயிரவரும் கபில முனிவரின் கோபத்தால் சாம்பலாகிக் கிடந்தார்கள். அவர்கள் நற்கதி அடைய வேண்டுமென்று அவர்கள் வழியில் வந்த பகீரதன் தவம் செய்தான். கங்கை இறங்க இசைந்தாள். ஆனால் அவளுடைய வேகத்தை மண்ணுலகம் தாங்காது. ஆகவே பகீரதன் மீண்டும் தவமிருந்து சிவபெருமானை வேண்டினான். பெருமான் அவளைத் தன் சடாமுடியில் ஏற்று மறைத்து, பின்னர் சிறிதளவாக வெளியே விட்டருளினான்.

இறைவன் செய்யும் ஐந்தொழில்களைப் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று எண்ணுகிறோம். இவற்றுள் மறைத்தல் ஏன் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. கங்காதரனின் திருக்கோலமே அதற்கு விடை. மறைத்தது கொடாமல் வைத்திருப்பதற்கன்று, தாங்கக்கூடிய அளவில் கொடுப்பதற்கு. அதனால்தான் திரோதான சக்தியையும் அருட்சக்தி என்றே நம் ஆசாரியர்கள் கொள்வார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அகதிகளாக வந்த நமக்குப் பல கதவுகள் பல ஆண்டுகள் மூடியே இருந்தன. போரையும் இழப்பையும் காட்டி, அவையும் இறைவன் அளந்து கொடுத்தவை என்று சொன்னால் அது சமயம் ஆகாது. குண்டு போட்டவன் மனிதன். வீட்டைப் பறித்தவனும் மனிதன். அந்தப் பழியை இறைவன் தலையில் ஏற்றக் கூடாது. அவன் தலையில் ஏற்றது கங்கையை மட்டுமே. அந்த நாள்களில் நமக்கு வந்த ஒரு வாய்த் தண்ணீரும், யாரோ ஒருவர் திறந்துவிட்ட கதவும், முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கையுமே அவன் அளந்து விட்டவை.

இரு கரையிலும் ஒரே தூவானம்

பகீரதன் தண்ணீர் கேட்டது தன் தாகத்துக்காக அல்ல, இறந்தவர்களுக்காக. இதை உணரும்படியான ஒரு நாள் எங்கள் குடும்பத்துக்கும் வாய்த்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் ஊரை விட்டுப் புறப்பட்டபோது நாங்களும் அந்தக் கூட்டத்தில் நடந்தோம். அடுத்த ஆண்டு, இடம்பெயர்ந்திருந்த இடத்தில் காய்ச்சலால் எங்கள் தகப்பனார் காலமானார். யாழ்ப்பாணத்தார் அந்தியேட்டிக் கிரியையைக் கீரிமலைத் தீர்த்தக் கரையில் செய்வது வழக்கம். கீரிமலையோ 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தது. கிணற்று நீரில் செய்து முடித்தோம். அம்மாவுக்கு அது தீராத மனக்குறையாகவே இருந்தது.

பின்னாளில் தமையனார் அம்மாவைக் கனடாவுக்கு அழைத்தார். அமெரிக்காவில் எங்கள் அகதி விண்ணப்பம் அப்போது விசாரணையில் இருந்தது. எல்லையைத் தாண்டினால் திரும்பி வர இயலாது. அம்மாவிடம் அமெரிக்க விசா இல்லை. ஆகவே 2010ஆம் ஆண்டு ஆடி அமாவாசையை ஒட்டி அவர்கள் நயாகராவின் கனடாக் கரைக்கு வருவதென்றும், நாங்கள் அமெரிக்கக் கரைக்கு வருவதென்றும் பேசிக்கொண்டோம். அடையாளத்துக்கு அம்மா ஒரு சிவப்புக் குடை பிடித்திருந்தார். ஆற்றுப் பள்ளத்துக்கு அப்பால் அந்தக் குடை ஒரு பொட்டுப் போலத் தெரிந்தது. வானவில் பாலம் கண்ணுக்கு எதிரே இருந்தது. நடந்து போகக்கூடிய தூரம்தான்.

படகால் இறங்கி, அருவியோரப் படியில், தூவானத்துக்குள் நின்றபடி கைபேசியில் பேசினோம். இரைச்சலில் பாதிச் சொற்கள் கேட்கவில்லை. அம்மா முதலில் கேட்டது இதுதான்:

"நனைஞ்சனியே மோனை?"

"இல்லையம்மா, மழைச்சட்டை போட்டிருக்கிறன்."

"அதைக் கழட்டு. கீரிமலைக்குத்தான் போக முடியேல்லை. அப்பாவை நினைச்சு அந்தத் தண்ணியிலை நில். இஞ்சையும் அதே தண்ணிதான் தூவுது. நானும் நிக்கிறன்."

கழற்றிவிட்டு நின்றோம். அக்கரையில் சிவப்புக் குடை மடங்கியதைக் கண்டோம். பக்கத்தில் நின்ற சுற்றுலாப் பயணிகளுக்கு ஒன்றும் விளங்கியிராது. மந்திரம் இல்லை, ஐயர் இல்லை, எள்ளும் தர்ப்பையும் இல்லை. தகப்பனாரின் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொன்னோம். மனிதருக்கு எல்லை இருந்தது. காற்று அந்தத் தூவானத்தை இந்தக் கரை, அந்தக் கரை என்று பாராமல் வீசிக்கொண்டிருந்தது. சாத்திரப்படி அது கிரியை ஆகுமா என்று பெரியோர் சொல்லட்டும். அன்றிரவு அம்மா நிம்மதியாகத் தூங்கியதாகத் தமையனார் சொன்னார். எங்களுக்கு அது போதுமானது.

நயாகராவின் முழு வெள்ளத்தின் கீழ் எந்த மனிதனும் நிற்க முடியாது. ஆனால் அந்த வெள்ளமே தூவானமாகி, ஒரு விதவைத் தாயின் தலையில் விழக்கூடிய அளவுக்கு மென்மையாகி வருகிறது. கங்கையைச் சிறிதளவாக விட்ட கருணையும் அதுவே என்று நாங்கள் கொள்கிறோம்.

நின்றுபோன நாள்

1848ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஓர் அதிசயம் நடந்தது. ஈரி ஏரியின் பனிக்கட்டிகள் காற்றால் தள்ளுண்டு வந்து ஆற்றின் வாயை அடைத்துக்கொண்டன. ஒரு நாளுக்கு மேலாக நயாகராவில் நீர் விழவில்லை. அருவியோரம் வாழ்ந்தவர்கள் இரவும் பகலும் அந்த முழக்கத்திலேயே பழகிப்போனவர்கள். முழக்கம் நின்றதும்தான் திடுக்கிட்டு எழுந்தார்களாம். வறண்ட ஆற்றுப் படுக்கையில் இறங்கிப் பழைய போர்க்காலத்துத் துப்பாக்கி முனைகளைப் பொறுக்கியவர்கள் ஒரு பக்கம். உலகம் முடியப் போகிறது என்று அஞ்சித் தேவாலயங்களுக்கு ஓடியவர்கள் இன்னொரு பக்கம். பனிக்கட்டி உடைந்து வெள்ளம் திரும்பியதும் எல்லோரும் பழையபடி தத்தம் வேலைக்குப் போனார்கள்.

இந்தச் சம்பவம் நமக்குப் புதியதல்ல. ஊரில் இருந்தபோது கோயில் மணி காலை மாலை ஒலித்தது. நாம் படிப்பு, பரீட்சை என்று ஓடினோம். இடம்பெயர்ந்த பிறகு மணி கேட்காத விடியல் வந்தது. அப்போதுதான் அது எவ்வளவு காலம் நம்மைச் சுமந்தது என்பது விளங்கியது. இங்கே ரெக்சஸ் மண்ணில் மீண்டும் ஒரு மணியோசை கேட்கிறது. அடியார்கள் பணமும் உழைப்பும் கொடுத்து அதைக் கேட்கச் செய்திருக்கிறார்கள். நின்ற பிறகு அருமை அறிவது எல்லோராலும் முடியும். ஓடும்போதே அறிவது அடியவனுக்குரிய குணம்.

பிள்ளைகளுக்கு என்ன கொடுப்போம்?

நம்மிலும் நம் பிள்ளைகளின் நிலை கவலைக்குரியது. நமக்காவது கழற்றுவதற்கு ஒரு சட்டை இருக்கிறது, ஏனென்றால் உள்ளே ஒரு காலத்தில் நனைந்த உடம்பு இருக்கிறது. பிள்ளைகளோ கோயிலுக்குச் சுற்றுலாப் பயணிகளாகவே வந்து, சுற்றுலாப் பயணிகளாகவே போய்விடக்கூடும். "அழகான கோயில், சாப்பாடும் நல்லது" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பழி அவர்கள் மேல் இல்லை. கரையில் நிறுத்தி வைத்துக் காட்டினால் பார்க்கத்தான் செய்வார்கள். கையைப் பிடித்து இறக்கினால் நனைவார்கள்.

அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. அபிஷேக நாளில் தீர்த்தக் குடத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து வசந்த மண்டபம் வரை சுமக்க விடுங்கள். சிறிது சிந்தினாலும் குற்றமில்லை. பூமாலை கட்டும் இடத்தில் இருத்துங்கள். மடைப்பள்ளியில் பாத்திரம் கழுவப் பெரியவர்கள் போகும்போது அவர்களையும் கூட்டிச் செல்லுங்கள். தேவாரத்தில் ஒரு பதிகத்தையாவது பொருளோடு சொல்லிக்கொடுங்கள். தீபாராதனை நடக்கும் அந்தச் சில நிமிடங்கள் எல்லாக் கைபேசிகளும் சட்டைப்பைக்குள் இருக்கட்டும். முதலில் நம்முடையது.

அடுத்த விடுமுறைக்கு நயாகராவுக்கோ, ஒக்லகோமாவின் ரேணர் அருவிக்கோ, வாய்ப்புள்ளவர்கள் குற்றாலத்துக்கோ போகும்போது படங்களை எடுத்து முடித்த பின் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பாதுகாப்பான இடம் பார்த்துப் பிள்ளைகளோடு அந்த நீரில் நனையுங்கள். அவர்கள் காணாத பாட்டன், பாட்டி, பூட்டனின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் சொல்ல வையுங்கள். அவர்கள் எந்த ஊரில் பிறந்தார்கள், எந்தக் கோயிலைக் கும்பிட்டார்கள் என்றும் சொல்லுங்கள். பார்த்த காட்சி ஒரு கோடையில் மறந்துபோகும். தலையில் தண்ணீர் விழ விழச் சொன்ன பெயர் மறக்காது.

கங்கையைச் சடையில் தாங்கி, நாம் தாங்கும் அளவில் நமக்கு அருளும் பெருமான், எம்மையும் எம் பிள்ளைகளையும் கரையில் நின்று பார்ப்பவர்களாக விட்டுவிடாமல், தன் திருவருளில் முழுகச் செய்வானாக என்று பிரார்த்திப்போமாக.

திருச்சிற்றம்பலம்.